சோதிக்க முடியாததெல்லாம் வெற்றுப் பேச்சா?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 22 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். எம்.எஸ்சி. கணிதம் முதலாண்டு படிக்கிறார். பெயரும் கல்லூரியும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

கல்லூரி நூலகத்தில் ஆங்கிலத் தத்துவவாதி ஏ.ஜே. அயர் 1936-இல் வெளியிட்ட 'மொழி, உண்மை, தர்க்கம்' நூலின் பழைய பிரதி ஒன்று இவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. அன்றிலிருந்து, சொற்களையும் வாதங்களையும் தர்க்கத்தால் அலசிப் பார்க்கும் பகுப்பாய்வுத் தத்துவமே கதி. கடவுள், ஆன்மா, நல்லது கெட்டது பற்றிய வாக்கியங்கள் பொய்கூட இல்லை, பொருளே இல்லாதவை என்று இந்தத் தத்துவம் நிரூபித்துவிட்டது என நம்புகிறார். ஒரு நாள் மாலை விளக்கேற்றித் தேவாரம் பாடிக்கொண்டிருந்த அப்பாவிடம் அதைச் சொல்லியும் விட்டார். அப்பா பத்தாவது வரை படித்த விவசாயி. பாட்டை நிறுத்திவிட்டு, "சோதிச்சுப் பாக்க முடியாததெல்லாம் வெத்துப் பேச்சுங்கிறியே, இந்தப் பேச்ச எங்க வச்சும்மா சோதிச்ச?" என்று கேட்டிருக்கிறார். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்று மகள் சொல்ல, அதிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது.

அப்புறம் ஐப்பசி மழை. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோன அப்பா, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்பதால் நான்கு நாள் படுதாவைப் போட்டு மூடுவதும் வெயில் அடித்தால் கிளறிவிடுவதுமாக அங்கேயே கிடந்திருக்கிறார். சோறு கொண்டுபோன மகளின் பையில், சொற்களுக்குத் துல்லியமான எல்லை உண்டா என்பது பற்றிய ஒரு கட்டுரை இருந்தது. "எனக்கே வெட்கமாக இருந்தது. இந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன்?" என்று எழுதியிருக்கிறார். கூடவே வேறு கேள்விகளும் உண்டு. எம்.எஸ்சி.யைப் பாதியில் விட்டுவிட்டு எம்.ஏ. தத்துவம் சேரலாமா? கணிதம் சர்ச்சைக்கு அப்பாற்பட்டதுதானே? மூளை ஆய்வு சுதந்திரமான முடிவு என்று ஒன்று இல்லை எனக் காட்டிவிட்ட பிறகு, அப்பாமேல் கோபப்படுவதில் அர்த்தம் உண்டா? இந்தத் துறைக்கும் நம் மண்ணுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பா கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். கடிதம் முழுவதிலும் இருக்கிற மிகச் சிறந்த தத்துவ வாதம் அதுதான்.

அப்பா கேட்ட கேள்வி

நீங்கள் அப்பாவிடம் சொன்னது, வியன்னா நகரில் கூடி விவாதித்த தத்துவவாதிகளும் அறிவியலாளர்களும் அடங்கிய வியன்னா வட்டத்தாரின் சரிபார்ப்புக் கொள்கை. மோரிட்ஸ் ஷ்லிக், ருடால்ஃப் கார்னாப், ஓட்டோ நியூராத் முதலியவர்கள் 1920-களில் அதை வளர்த்தார்கள். 25 வயது அயர் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு வாக்கியத்துக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் இரண்டு வழிதான். ஒன்று, கணிதமும் தர்க்கமும் போல, சொற்களின் பொருளாலேயே அது உண்மையாக வேண்டும். இல்லையென்றால், அனுபவத்தால் சோதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டிலும் சேராதது வெறும் ஓசை.

இப்போது அந்தக் கொள்கையையே அதன் முன் நிறுத்துங்கள். சொற்களின் பொருளால் மட்டுமே அது உண்மை என்று சொல்ல முடியாது. மறுப்பவர் யாரும் தனக்குத்தானே முரண்படுவதில்லை. எந்தச் சோதனையாலும் அதைச் சரிபார்க்கவும் வழியில்லை. ஆகவே தான் வைத்த பரீட்சையில் தானே தேறவில்லை. உங்கள் அப்பா கேட்டது அப்படியே இதுதான். கார்னாப் தரப்பில் ஒரு பதில் உண்டு: இது உண்மை பற்றிய கூற்று இல்லை, மொழியை இப்படிப் பயன்படுத்தலாம் என்கிற பரிந்துரை. நல்ல பதில். ஆனால் பரிந்துரையை ஏற்காமல் இருக்க உங்கள் அப்பாவுக்கு முழு உரிமை உண்டு. ஏற்காதவர் பேச்சு பொருளற்றது என்று அதற்கப்புறம் சொல்ல முடியாது.

கணித மாணவியான உங்களுக்கு இன்னொரு ஓட்டையும் பிடிக்கும். வேறு சில வாக்கியங்களோடு சேர்ந்து, அவற்றால் மட்டும் வராத ஒரு கண்கூடான முடிவைத் தருகிற வாக்கியம் சோதிக்கத்தக்கது என்று அயர் முதலில் வரையறுத்தார். சரி, 'காலம் நீலமாகத் தூங்குகிறது' என்பதை எடுத்துக்கொள்வோம். அதோடு, 'காலம் நீலமாகத் தூங்கினால் இந்த மாடு வெள்ளை' என்பதைச் சேருங்கள். 'இந்த மாடு வெள்ளை' என்ற முடிவு வருகிறது. இரண்டாவது வாக்கியம் தனியாக அதைத் தராது. ஆக, அந்த உளறலும் தேறிவிட்டது! அயர் இதைத் தானே கவனித்து 1946 பதிப்பில் வரையறையைத் திருத்தினார். 1949-இல் அலோன்சோ சர்ச் ஒரு சிறு மதிப்புரையில் திருத்தத்தையும் உடைத்தார். பல ஆண்டுகள் கழித்து, தன் நூலில் இருந்தது ஏறக்குறைய எல்லாமே தவறு என்று தொலைக்காட்சி உரையாடலில் அயரே ஒப்புக்கொண்டார். உங்கள் கையில் இருப்பது தீர்ப்பு என்று நினைத்தீர்கள். அது எழுதியவரே திரும்பப் பெற்ற வழக்கு.

வியன்னா வட்டத்தாரைச் சின்னவர்களாக நினைத்துவிடாதீர்கள். இருண்ட சொற்களால் கூட்டத்தை மயக்கும் அரசியல் அவர்களைச் சுற்றி வளர்ந்துகொண்டிருந்தது. தெளிவாகப் பேசு, சோதிக்க இடம் கொடு என்ற அவர்களின் பிடிவாதத்துக்கு அந்த நாளில் துணிச்சல் வேண்டியிருந்தது. 1936-இல் ஷ்லிக் பல்கலைக்கழகப் படிக்கட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் நாடு நாடாகச் சிதறினார்கள். அவர்களின் கொள்கை நிற்கவில்லை. வாதம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் வைத்த அளவுகோல் நின்றது, அதை வைத்துத்தான் அவர்களின் கொள்கையே அளக்கப்பட்டது. 1951-இல் குவைன், பொருளால் உண்மை, அனுபவத்தால் உண்மை என்ற பிரிவினையையே கேள்விக்குள்ளாக்கினார். 1956-இல் கிரைஸும் ஸ்ட்ராஸனும் அந்தப் பிரிவினைக்காக வாதாடினார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

நல்லது கெட்டது பற்றி நீங்கள் எழுதியதும் இதே கதைதான். 'பொய் சொல்வது தவறு' என்பது உண்மையோ பொய்யோ ஆகாது, ஓர் உணர்ச்சியின் வெளிப்பாடு மட்டுமே என்றார் அயர். பீட்டர் கீச் 1960-களில் ஓர் எளிய வாதத்தை முன்வைத்தார். 'பொய் சொல்வது தவறு. பொய் சொல்வது தவறு என்றால், தம்பியைப் பொய் சொல்ல வைப்பதும் தவறு. ஆகவே தம்பியைப் பொய் சொல்ல வைப்பது தவறு.' இது செல்லுபடியாகும் வாதம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் 'என்றால்' என்பதற்குள் இருக்கும் 'தவறு' எந்த வெறுப்பையும் வெளிப்படுத்தவில்லையே? முதல் வரியில் ஒரு பொருள், இரண்டாவதில் வேறொரு பொருள் என்றால் வாதம் எப்படிச் செல்லும்? உணர்ச்சிக் கோட்பாட்டின் பக்கம் நிற்கும் சைமன் பிளாக்பர்ன், ஆலன் கிப்பர்ட் போன்றவர்கள் இதற்கு விடை காண நிறைய உழைத்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சரிபார்ப்புக் கொள்கை விழுந்ததால் கடவுள் இருக்கிறார் என்று ஆகிவிடாது. அப்பாவின் வாதம் உங்கள் தாக்குதலைத் தடுத்தது, அவ்வளவுதான். அவர் நம்பிக்கையை அது நிறுவவில்லை. தீமை இருக்கும் உலகில் எல்லாம் வல்ல நல்ல கடவுள் இருக்க முடியுமா என்று 1955-இல் ஜே.எல். மேக்கி கேட்டதும், 1974-இல் ஆல்வின் பிளாண்டிங்கா பதில் சொன்னதும் பகுப்பாய்வுத் தத்துவத்துக்குள் நடந்த வாதங்கள்தான். இவ்வாக்கியங்களுக்குப் பொருள் உண்டா என்பது போய், இவை உண்மையா என்ற பழைய கேள்வியே திரும்பிவிட்டது. அதே போல, மொழியைத் துலக்கிவிட்டால் எல்லாப் பிரச்சினையும் மறையும், விட்கென்ஸ்டைன் அதை முடித்துவைத்துவிட்டார் என்ற உங்கள் வரி. தன் முதல் நூலோடு தத்துவத்தின் வேலை முடிந்தது என்று அவர் நம்பியது உண்மை. ஆஸ்திரிய கிராமங்களில் பள்ளி ஆசிரியராகக்கூடப் போனார். 1929-இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, அந்த நூலின் அடிப்படைகளைத் தானே பிரித்துப்போட்டார். 1970-இல் சால் கிரிப்கி பிரின்ஸ்டனில் நிகழ்த்திய உரைகள், பொருள்களின் சாரம் என்ன, எது எப்படி இல்லாமல் இருந்திருக்கவே முடியாது போன்ற கேள்விகளை மறுபடியும் நடு மேடைக்குக் கொண்டுவந்தன.

17 சதவீதம்

கொள்முதல் நிலையத்தில் உங்கள் பையில் இருந்த கட்டுரையும் எதிரே கிடந்த நெல்லும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தப் புதிர் பிறந்ததே தானியக் குவியலில்தான். கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கர் யூபுலிடீஸ் சொன்னதாக மரபு. குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்தால் அது குவியலாக இல்லாமல் போகாது. அப்படியானால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போய் ஒரே மணி மிஞ்சும்போதும் அது குவியல்தானே?

நெல்லின் ஈரத்தில் வைத்துப் பார்ப்போம். மீட்டரில் 14 சதவீதம் காட்டும் நெல் காய்ந்த நெல். அதில் அரைக்கால் சதவீதம் ஈரம் கூடினால் காய்ந்த நெல் ஈர நெல்லாக மாறிவிடாது. கையில் அள்ளினாலும் தெரியாது, உங்கள் அப்பா பல்லில் கடித்துப் பார்த்தாலும் தெரியாது. இந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டால், கணிதத் தொகுத்தறிதல் போல ஒவ்வொரு படியாக ஏறி, 25 சதவீதம் ஈரமுள்ள நெல்லும் காய்ந்த நெல் என்று வந்து நிற்போம். அது பொய் என்று டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். தொடக்கம் சரி, ஒவ்வொரு படியும் சரி, முடிவு மட்டும் பொய். எங்கே தவறு?

திமொதி வில்லியம்சன் 1994-இல் சொன்ன பதில் பலரைத் திடுக்கிட வைத்தது: எங்கேயோ ஒரு படி பொய். காய்ந்ததற்கும் காயாததற்கும் நடுவே துல்லியமான எல்லை இருக்கவே இருக்கிறது. அது எங்கே என்று நம்மால் அறிய முடியாது, அவ்வளவே. தர்க்க விதிகள் எதையும் தொடாமல் காப்பாற்றுகிறார். ஆனால் நாம் பயன்படுத்தும் ஒரு சாதாரணச் சொல்லுக்கு, நாம் யாரும் வைக்காத எல்லை எங்கிருந்து வந்தது? கிட் ஃபைன் 1975-இல் வேறு வழி காட்டினார். 'காய்ந்தது' என்ற சொல்லைப் பல விதமாகக் கூர்மையாக்கலாம்: ஒருவர் 15-இல் கோடு போடலாம், இன்னொருவர் 18-இல். எந்தக் கோட்டின்படியும் உண்மையாக நிற்பது உண்மை. எந்தக் கோட்டின்படியும் பொய்யாவது பொய். நடுவில் இருப்பது இரண்டும் அல்ல. அழகான தீர்வு, ஆனால் அதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு கூர்மையாக்கத்திலும் ஏதோ ஒரு கோடு இருப்பதால், 'துல்லியமான எல்லை ஒன்று இருக்கிறது' என்பது உண்மையாகிறது. இதுதான் அந்த எல்லை என்று எதைச் சொன்னாலும் அது உண்மையாவதில்லை. மூன்றாவது வழி, உண்மைக்கே அளவு வைப்பது: 17.5 சதவீத நெல்லைப் பற்றி 'காய்ந்தது' என்பது பாதி உண்மை. கேட்க இயல்பாக இருக்கிறது. ஆனால் இரண்டு வாக்கியம் சேர்ந்தால் அவற்றில் சிறிய அளவே மொத்தத்தின் அளவு என்ற வழக்கமான விதிப்படி, 'இந்த நெல் காய்ந்தும் இருக்கிறது, காயாமலும் இருக்கிறது' என்பதும் பாதி உண்மையாகிவிடுகிறது. அப்பட்டமான முரண்பாட்டுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. நான் ஃபைன் பக்கம் சாய்பவன். நீங்கள் சாய வேண்டியதில்லை.

கொள்முதல் நிலையத்தின் 17 இதில் எங்கே வருகிறது? அதிக ஈரத்தோடு அடுக்கினால் சிப்பத்துக்குள் நெல் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும். இது கண்டறிந்த உண்மை. ஆனால் கோடு சரியாக 17-இல் விழ வேண்டும் என்பது முடிவெடுத்து வைத்தது. மழை பிடித்த வருடங்களில் மத்திய அரசே அந்த வரம்பைத் தளர்த்தியிருப்பது அதற்குச் சாட்சி. கண்டறிந்ததையும் வகுத்து வைத்ததையும் ஒன்றாகக் குழப்பினால், '17 என்பது விஞ்ஞானம், அதில் பேச்சே கிடையாது' என்று ஒரு தரப்பும், 'கோடே வீண்' என்று மறு தரப்பும் நிற்கும். இரண்டும் தவறு. கோடு வேண்டும், எங்கே போடுவது என்பதில் விவசாயி பேசவும் வேண்டும். இந்தத் தெளிவு அப்பாவின் நெல்லைக் காயவைக்காது. அதற்கு உலர்த்தும் இயந்திரமும் மேற்கூரையும் வாங்கிய சிப்பத்தை நேரத்துக்கு ஏற்றிவிடும் லாரியும்தான் வேண்டும். ஆனால் அந்தப் படுதா ஓரத்தில் அந்தக் கட்டுரையைப் படித்ததற்காக நீங்கள் வெட்கப்பட எதுவுமில்லை.

கணிதம் சர்ச்சைக்கு அப்பாற்பட்டதா?

தேற்றங்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் ஆமாம். தேற்றங்கள் எதைப் பற்றியவை என்று கேட்டால், இல்லை. கணிதமும் இந்தத் தத்துவமும் ஒரே வீட்டில் வளர்ந்தவை. இன்றைய தர்க்கத்துக்கு அடித்தளமிட்ட ஃபிரேகே ஜெர்மனியின் ஜெனாவில் கணிதப் பேராசிரியர். எண்கணிதம் முழுவதையும் தர்க்கத்திலிருந்து வருவிக்க முயன்றார். இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தபோது, 1902 ஜூனில் ஆங்கிலத் தத்துவவாதி ரஸ்ஸலிடமிருந்து கடிதம் வந்தது: தன்னைத்தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் (அதாவது தொகுப்புகள்) எல்லாவற்றையும் சேர்த்த கணம், தன்னைத்தானே உறுப்பாகக் கொள்ளுமா? கொண்டால் கொள்ளாது, கொள்ளாவிட்டால் கொள்ளும். வாழ்நாள் உழைப்பின் அடித்தளம் ஆடிவிட்டது என்று புரிந்தும் ஃபிரேகே அதை மறைக்கவில்லை. நூலின் பின்னிணைப்பில் தானே எழுதி வெளியிட்டார். பத்தாண்டு கழித்து, கும்பகோணத்து ராமானுஜனின் கடிதத்தால் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் கணித அறிஞர்கள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் கொண்ட பரபரப்பை 1913 பிப்ரவரியில் ஒரு கடிதத்தில் எழுதி வைத்தவரும் இதே ரஸ்ஸல்தான். அந்த நாளில் விட்கென்ஸ்டைன் அங்கே அவர் மாணவர்.

உங்கள் பாடத்திலிருந்தே ஒரு கேள்வி. எண்களைக் கணங்களாகக் கட்டலாம் என்று படித்திருப்பீர்கள். வெற்றுக்கணம் 0. ஸெர்மெலோ முறையில் ஒவ்வொரு எண்ணும் தனக்கு முந்தைய எண்ணை மட்டும் உறுப்பாகக் கொண்ட கணம். ஃபான் நாய்மன் முறையில் ஒவ்வொரு எண்ணும் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் உறுப்பாகக் கொண்ட கணம். இரண்டிலும் கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியாக வரும். இப்போது சொல்லுங்கள்: 1 என்பது 3-இன் உறுப்பா? ஃபான் நாய்மன் முறையில் ஆம், ஸெர்மெலோ முறையில் இல்லை. 3 உண்மையிலேயே ஒரு குறிப்பிட்ட கணம் என்றால் இதற்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். எந்த நிரூபணமும் அதைத் தராது. 1965-இல் பால் பெனசெராஃப் இதிலிருந்து, எண்கள் கணங்களே அல்ல, அவை பொருள்களே அல்ல, ஓர் அமைப்பில் உள்ள இடங்கள் என்ற பக்கம் போனார். 1973-இல் அவரே இன்னொரு முட்டுக்கட்டை வைத்தார். எண்கள் காலத்திலும் இடத்திலும் இல்லாதவை என்றால் அவற்றை நாம் எப்படி அறிகிறோம்? எண்களே கிடையாது என்றால் தேற்றங்கள் எப்படி உண்மையாகின்றன? நாளை வகுப்பில் ஒரு தேற்றத்தை நிறுவும்போது இதை நினைத்துப் பாருங்கள். இந்த விவாதத்துக்குள் போக மற்றவர்களைவிட உங்களுக்குத் தகுதி அதிகம்.

கோபத்துக்கு அர்த்தம் உண்டா?

1983-இல் பெஞ்சமின் லிபெட் குழு செய்த ஆய்வை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விரலை அசைக்க நினைத்ததை உணர்வதற்குக் கொஞ்சம் முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்குகிறது என்றது அது. அந்த மாற்றம் முடிவேதானா, வெறும் தயாரிப்பா என்பதே சர்ச்சை. விரலசைவிலிருந்து, படிப்பை மாற்றுவது போன்ற ஒரு முடிவுக்குத் தாவுவதும் அவ்வளவு எளிதில்லை. அதைவிட உங்களுக்கு வேண்டியது பீட்டர் ஸ்ட்ராஸன் 1962-இல் சொன்னது. ஒருவர் மேல் கோபப்படுவது, மனம் புண்படுவது, நன்றி பாராட்டுவது எல்லாம் அவரைப் பொறுப்புள்ள மனிதராக நடத்தும் வழிகள். சின்னக் குழந்தை மேலோ சுயநினைவில் இல்லாதவர் மேலோ நமக்கு அப்படிக் கோபம் வருவதில்லை. அவர்களைப் பார்த்துக்கொள்கிறோம், சமாளிக்கிறோம். உலகம் காரணகாரியத்தால் ஆனது என்ற பொதுவான கொள்கை ஒன்றுக்காக எல்லாரையும் அப்படிச் 'சமாளிக்கிற' நிலைக்கு மாற நம்மால் முடியாது, மாறினால் உறவு என்று எதுவும் மிஞ்சாது என்றார். இதை ஏற்காதவர்கள் உண்டு. ஆனாலும் உங்கள் நிலையைப் பாருங்கள். அப்பா மேல் கோபப்பட்டபோது நீங்கள் அவரை மதித்தீர்கள். "உங்களுக்குப் புரியாதுப்பா" என்றபோதுதான் அவரைச் சமாளிக்கப் பார்த்தீர்கள். அவர் பேச்சைக் குறைத்தது எதனால் என்று யோசியுங்கள்.

நம் மண்ணுக்குச் சம்பந்தம் உண்டா?

அறிவு என்பது காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கை என்ற வரையறையை எட்மண்ட் கெட்டியர் 1963-இல் மூன்றே பக்கத்தில் அசைத்தார் என்று படித்திருப்பீர்கள். அதே வகை எடுத்துக்காட்டு எட்டாம் நூற்றாண்டு பௌத்த தர்க்க ஆசிரியர் தர்மோத்தரரிடம் இருக்கிறது: கானல்நீரைத் தண்ணீர் என்று நம்பிப் போகிறான் ஒருவன், அங்கே பாறைக்கடியில் உண்மையாகவே தண்ணீர் இருக்கிறது. அவன் நம்பியது உண்மைதான், ஆனால் அறிந்தானா? இந்த ஒப்புமைகளை உலகறியச் செய்ததில் இந்தியத் தத்துவ அறிஞர் பிமல் கிருஷ்ண மதிலாலுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்னும் பக்கத்தில் பாருங்கள். மணிமேகலையின் 29-ஆம் காதை, பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று அனுமானத்தின் உறுப்புகளையும் அவற்றின் பிழைகளையும் ஒவ்வொன்றாக விளக்குகிறது. அதே நூலின் முதல் காதையில், புகார் நகர விழாவில் முரசறைபவன் 'பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்று சமயவாதிகளை அழைக்கிறான். அடுத்த மூச்சிலேயே, பகைவரிடத்தும் 'செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்', அதாவது சினமும் சண்டையும் கொள்ளாமல் விலகிப் போங்கள், என்கிறான். காவிரி கடலில் கலக்கும் ஊரில் வாதத்துக்கு விதி வகுத்திருக்கிறார்கள். இதை வைத்து 'எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்று மார்தட்ட வேண்டாம். ஃபிரேகேயின் தர்க்கம் 1879-இல்தான் வந்தது, அதற்கு முன் அதற்கு ஈடானது எங்கும் இருந்ததில்லை.

படிப்பை விடலாமா?

விட வேண்டாம் என்பது என் திடமான கருத்து. உங்களுக்கு 22 வயது; எதைப் படிப்பது என்பது சட்டப்படி உங்கள் முடிவு. கல்லூரியை விட்டு வந்தாலும் அசல் சான்றிதழ்களை அவர்கள் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது; பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே இதைத் தெளிவாக அறிவித்திருக்கிறது. ஆகவே உரிமை இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. எது உங்களுக்கு நல்லது என்பதுதான் கேள்வி.

தத்துவத்தில் எம்.ஏ. சேரப் பெரும்பாலான இடங்களில் ஏதாவது ஒரு பட்டம் போதும். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டு வருடம் கழித்தும் இருக்கும். பாதியில் விட்ட எம்.எஸ்சி.க்கு அப்படி மதிப்பு இல்லை. தமிழ்நாட்டில் தத்துவத்துறை இருக்கும் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆசிரியர் பணியிடம் அதைவிட அரிது. வாத்தியார் வேலையைப் பற்றி அப்பா பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். கணித முதுகலை கையில் இருந்தால் அந்த வாசல் திறந்தே இருக்கும். இன்னொன்று, தர்க்கம், கணிதத்தின் தத்துவம் ஆகியவற்றில் ஆராய்ச்சி செய்ய முறையான கணிதப் பயிற்சி பெரும் பலம்.

இப்போதே தொடங்க வேண்டும் என்று மனம் துடித்தால், 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்க மானியக் குழு அனுமதிக்கிறது. ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை என்று வைத்துக்கொள்ளலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) எம்.ஏ. தத்துவம் உண்டு. ஆனால் பருவத் தேர்வுகளுக்கு நடுவே அது பெரும் சுமை. எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஹைதராபாத், டெல்லி, புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத்தேர்வு எழுதுவதையோ, சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்வதையோதான் நான் முதலில் சொல்வேன். எங்கே சேருமுன்னும் அங்கே தர்க்கம் யார் எடுக்கிறார்கள், பகுப்பாய்வுத் தத்துவத்தில் என்னென்ன தாள்கள் இருக்கின்றன என்று பாடத்திட்டத்தைப் பாருங்கள். துறைக்குத் துறை வித்தியாசம் அதிகம். பின்னால் தேசியத் தகுதித் தேர்வான 'நெட்'டில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் ரூ. 37,000. வயது வரம்பு 30, பெண்களுக்கு மேலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை.

அதுவரை எப்படிப் படிப்பது? முதலில் முதல்வரிசைத் தர்க்கத்தைப் பயிற்சிகளோடு போட்டு முடியுங்கள். உங்களுக்கு அது ஒரு விடுமுறை வேலை. அப்புறம் எதையும் தனியாகப் படிக்காதீர்கள், எதிர்வாதத்தோடு சேர்த்தே படியுங்கள். 'பிரான்ஸின் இன்றைய அரசர் வழுக்கைத் தலையர்' என்ற வாக்கியம் பொய் என்று 1905-இல் ரஸ்ஸல் காட்டும்போது முழுக்கச் சரி என்று தோன்றும். அரசரே இல்லாதபோது அது உண்மையா பொய்யா என்ற கேள்வியே எழவில்லை என்று 1950-இல் ஸ்ட்ராஸன் சொல்லும்போது அதுவும் சரி என்று தோன்றும். அந்த இரண்டு 'சரி'க்கும் நடுவில் நின்று நீங்களே ஒரு முடிவுக்கு வருவதுதான் இந்தப் படிப்பு. அயரை மட்டும் படித்தது உங்களுக்கு நேர்ந்த சிக்கல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தத்துவக் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம். ஒவ்வொரு விவாதத்துக்கும் இரு தரப்பும் அங்கே கிடைக்கும். நீங்கள் எழுதிய பெயர்ப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை என்பதையும் கவனித்தேன். சூசன் ஸ்டெப்பிங், எலிசபெத் ஆன்ஸ்கம், ஃபிலிப்பா ஃபுட், ஜூடித் ஜார்விஸ் தாம்ஸன் ஆகியோர் இல்லாமல் இந்தத் துறையின் கதையே கிடையாது. அறம் பற்றிய உங்கள் கேள்விக்கு அயரைவிட ஆன்ஸ்கம் 1958-இல் எழுதிய கட்டுரை அதிகம் உதவும்.

அப்பாவிடம் போய் மன்னிப்பு என்று பெரிதாக எதையும் தொடங்க வேண்டாம். அன்றைக்கு அவர் கேட்ட கேள்வியைத்தான் அயரின் விமர்சகர்களும் கேட்டார்கள், அதற்கு எல்லாரும் ஏற்கும் பதில் அயரிடமிருந்தே வரவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். அப்படியே, தான் பாடும் பதிகம் உண்மை என்று அவர் எதனால் நம்புகிறார் என்றும் கேளுங்கள். மடக்குவதற்காக இல்லை, தெரிந்துகொள்வதற்காக. அவர் சொல்வதை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு அவரே, "ஆமா, இதத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும் வரை திருத்துங்கள். அதற்கப்புறம் உங்கள் மறுப்பு இருந்தால் அடுத்த பக்கத்தில் எழுதி, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். பருவத் தேர்வு முடிந்த பிறகு அனுப்பினால் போதும். படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.